பழங்காநத்தம் மளிகைக் கடையும் நாட்டின் பற்றாக்குறையும்

பட்ஜெட் வாசிக்கும் நாளில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. என்னோடு கருவூலத்தில் வேலை பார்த்தவர்களும், எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் வரிசையாகக் கூப்பிடுவார்கள். "மேடம், பாத்தீங்களா? பற்றாக்குறை போன வருஷத்தவிடக் கொறஞ்சிருச்சு. பட்ஜெட் எப்படி?" என்பார்கள், நான் என்னவோ நிதியமைச்சருக்குச் சம்பந்தி மாதிரி. நானும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறைந்தது சரி, யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்ததால் குறைந்தது என்று எங்காவது போட்டிருக்கிறதா, பார்த்துச் சொல். அதற்கப்புறம் பேச்சு மகள் கல்யாணம், மூட்டு வலி என்று வேறு பக்கம் போய்விடும்.

இப்போது எங்கள் ஓய்வூதியர் சங்கத்து மலருக்கு நிதிக் கொள்கை பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்குப் பொருளாதாரம் தெரியாது. நாட்டின் நிதிக் கொள்கையை நான் ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கம்பி போட்ட ஜன்னல், அதன் அடியில் ஒரு கை நுழைகிற இடைவெளி. வெளியிலிருந்து பில் உள்ளே வரும், உள்ளேயிருந்து பணத்துக்கான உத்தரவு வெளியே போகும். அந்த இடைவெளி சில வருஷம் எப்படி அடைத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். மதுரையைச் சுற்றியுள்ள கருவூலங்களில் எதில் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அப்பா நெசவை விட்டுவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராக நான் கருவூலத்துக்குள் நுழைந்தபோது, கல்யாணம் ஆகிற வரைக்கும்தானே என்று வீட்டில் நினைத்தார்கள். கல்யாணம் ஆனது, வேலையும் தொடர்ந்தது. பில்லைத் தொட்டதும் தலைப்பு, முத்திரை, கையெழுத்து, எண்ணால் தொகை, எழுத்தால் தொகை என்று கண் தானாக ஓட வேண்டும். அதற்குப் பழகவே சில வருஷம் பிடித்தது. கோபம் வந்தால் எனக்குச் சௌராஷ்டிரத்தில்தான் கூட்டல் வரும். வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் தங்களைத் திட்டுவதாக நினைத்து எழுந்து போய்விடுவார்கள். நான் திருத்தப் போகவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு, ரொக்கம் என்று ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஒதுக்கீடு என்பது சட்டமன்றத்தில் கை தூக்கி ஒப்புக்கொண்ட தொகை. இந்த விடுதிக்கு இந்த வருஷம் இவ்வளவு, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று. ரொக்கம் என்பது இன்றைக்குக் கஜானாவில் கிடக்கிற பணம். ஒதுக்கீடு இருந்து, பில்லும் சரியாக இருந்தால் கருவூலம் பணம் கொடுத்தாக வேண்டும். பில்லை வாங்கியதும் பதிவேட்டில் ஏற்றி, ஒரு பித்தளை டோக்கன் கொடுப்போம். டோக்கன் வாங்கியவருக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். ஒன்று பாஸ், இல்லையென்றால் இன்ன குறை என்று எழுதி ஆட்சேபணைச் சீட்டு. மூன்றாவது வழி சட்டத்தில் இல்லை.

எங்கள் அதிகாரி ராஜமாணிக்கம் சாருக்கு இது தலைகீழாகத் தெரியும். காகிதத்தை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, கோயிலில் விபூதி வாங்குகிற பணிவோடு படிப்பார். படித்து முடித்த பிறகுதான் உட்காருவார். அதுவரை எதிரே நிற்கிறவரும் நிற்க வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் செய் என்றும் சொல்ல மாட்டார், செய்யாதே என்றும் சொல்ல மாட்டார். "மேலே அப்படி ஒரு அபிப்பிராயம் இருக்கு" என்பார். அதிலிருந்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் சாம்பாரில் உப்பு போதவில்லை என்றாலும் சாம்பாரைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கு என்றுதான் சொல்வார் என்று நாங்கள் பேசிச் சிரிப்போம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் கறார். ஆட்சேபணை என்றால் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதிவிட வேண்டும். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று எழுதக் கூடாது. ஒருமுறை ஒரு எழுத்தர் அப்படிச் செய்தபோது எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏய்யா, டாக்டரு தெனம் ஒரு வியாதி சொன்னா நீ விடுவியா? மொதல்லயே எல்லாத்தையும் சொல்லித் தொலைய வேண்டியதானன்னு கேப்பேல்ல?" அந்த எழுத்தர் அதற்கப்புறம் பில்லைத் தொடவே பயந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அரசாங்கத்துக்கு ரொக்கத் தட்டுப்பாடு வந்தது. ஊழியர்களுக்குச் சம்பளத்தைத் திருத்தி ஏற்றிக் கொடுத்தார்கள், அதில் எனக்கும் சந்தோஷம்தான். வரி வரவு அந்த வேகத்தில் ஏறவில்லை. எல்லாச் செலவையும் கொடுத்தால் பற்றாக்குறை கூடும். கூடினால் கடன் கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பத்திரிகைகள் எழுதும். ஆகவே சம்பளம், ஓய்வூதியம் தவிர மற்ற பில்களைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள் என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்றால் தொலைபேசியில். எழுத்தில் ஒரு வரி கிடையாது. எழுதினால் சட்டமன்றம் ஒப்புக்கொண்டதை நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும். ராஜமாணிக்கம் சார் ரிசீவரை வைத்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே வெளியே வந்து, "மேலே ஒரு அபிப்பிராயம்..." என்று தொடங்கினார்.

அந்த அபிப்பிராயத்தை எங்கள் ஆட்கள் ஒரு வித்தையாகவே வளர்த்துவிட்டார்கள். பில்லை வாங்குவார்கள், டோக்கன் கொடுக்க மாட்டார்கள். டோக்கன் இல்லாததால் அப்படி ஒரு பில் வந்ததாகவே கணக்கு இருக்காது. கொஞ்ச நாள் கழித்து ஒரு துண்டுச் சீட்டைக் குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். முத்திரை மங்கல், கையெழுத்து சற்று மாறுகிறது, தொகை ஓரத்திலிருந்து தொடங்கவில்லை. எல்லாம் பென்சிலில். கீழே கையெழுத்து கிடையாது. நாளைக்கு யாராவது கேட்டால் ரப்பர் எடுத்து அழித்துவிடலாம். சீட்டு எழுதக் குறையே கிடைக்காத பில்களை ஒரு பச்சை பீரோவில் போட்டு வைப்பார்கள். அதற்கு ஊறுகாய் பீரோ என்று பெயர். "அந்தப் பில்லு என்னாச்சுண்ணே?" "ஊறுது மாப்ள." இப்படித்தான் பேச்சு.

இந்தப் பிரிவு என் கைக்கு வந்தது மாசி மாதத்தில். அப்போது நான் உதவிக் கருவூல அலுவலர். பொறுப்பேற்ற அன்று பீரோவைத் திறந்து பார்த்தேன். கதவு சரியாக மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். என்ன செய்வதென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே முத்துலட்சுமி வந்தார். கீழக்குயில்குடிப் பக்கத்தில் ஓர் அரசு மாணவியர் விடுதிக்கு அவர் காப்பாளர். கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். மளிகையும் காய்கறியும் கடனில் வாங்கி, பிள்ளைகளுக்குப் போட்டு, பிறகு பில் அனுப்பிப் பணம் வாங்கிக் கடையில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. அவர் ஜன்னல் இடைவெளியில் பில்லைத் தள்ளவில்லை. நேராக உள்ளே வந்து என் மேசைமேல் வைத்தார்.

"மேடம், மொதத் தடவ முத்திரை மங்கலா இருக்குன்னாங்க. புது மை வாங்கி ஊத்திக் குத்திட்டு வந்தேன். ரெண்டாந் தடவ, எழுத்துல எழுதுன தொகை ஓரத்த ஒட்டி ஆரம்பிக்கலன்னாங்க. இந்தா, ஓரத்துலயே ஆரம்பிச்சிருக்கேன். இதுக்கும் மேல ஓரம் வேணும்னா ஒங்க மேசையிலதான் எழுதணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உட்காருங்கள் என்றதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பருப்பு, எண்ணெய் எல்லாம் பழங்காநத்தத்துல ஒரு அண்ணாச்சி கடையில வாங்குறோம். அவரு நிறுத்திட்டாரு. அரிசி மட்டும் கெடக்கு. பரவை மார்க்கெட்டுல பொழுது சாய கழிச்சுப் போடுற காய வாங்கியாந்து ரசம் மாதிரி ஒண்ணு வச்சு ஒப்பேத்துறேன். வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் புள்ளைகள ஊருக்கு அனுப்பிருவேன்."

"பத்தாங்கிளாஸ் பரீட்சை வருதே?"

"வருது. அனுப்புனா திரும்பி வருவாளுகன்னு நெனைக்கிறீங்களா? இப்ப பருத்தி எடுக்குற நேரம். வீட்டுக்குப் போனவ கையில சாக்கக் குடுத்துக் காட்டுக்குப் பத்தி விட்டுருவாக. ரெண்டு புள்ளைக்கு மாப்பிள்ளையே பேசியாச்சு. விடுதியில இருக்கா, பரீட்ச முடியட்டும்னு சொல்லித்தான் தள்ளிப்போட்டுக்கிட்டு இருக்கேன். நானே இப்படி ஒரு விடுதிச் சோறு தின்னு வந்தவதான் மேடம். எங்கப்பன் ஆத்தா வயக்காட்டுக் கூலி. அன்னைக்கு எங்க வார்டன் வீட்டுக்குப் போங்கடின்னு அனுப்பியிருந்தா, நான் இந்நேரம் எவன் வயல்லயோ நாத்து நட்டுக்கிட்டு இருப்பேன்."

பில்லை எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். விடுதிக்கான ஒதுக்கீட்டைப் பார்த்தேன், மீதி நிறைய இருந்தது. அந்தப் பில்லில் ஒரு குறையும் இல்லை. பங்குனி பாதியில் நிதி ஆண்டு முடிகிறது. அதற்குள் பாஸ் ஆகாவிட்டால் அந்த ஒதுக்கீடும் காலாவதி. அடுத்த வருஷம் புதிதாகக் கேட்டு, புதிதாக வாங்கி, புதிதாக அலைய வேண்டும். எனக்கு வாய்க்குள் சௌராஷ்டிரம் வரத் தொடங்கிவிட்டது.

எழுத்தரைக் கூப்பிட்டு, இதைப் பதிவேட்டில் ஏற்றி டோக்கன் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "மேடம், டோக்கன் குடுத்தா பதில் சொல்லணும்." "சொல்லுவோம்" என்றேன். பித்தளை வில்லையை முத்துலட்சுமி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் கைக்கு வந்த முதல் டோக்கன் அதுதானாம்.

அவர் சொன்ன அண்ணாச்சி கடை எனக்குத் தெரியாத கடை இல்லை. என் வீடு பழங்காநத்தத்தில்தான். மாதச் சாமான் அங்கேதான் வாங்குவோம். நான் ஏதோ சர்க்கார் வேலையில் இருப்பவள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும், எந்த இடம் என்று தெரியாது. அன்று சாயங்காலம் சீரகம் வாங்குகிற சாக்கில் போனேன்.

"விடுதிப் பிள்ளைகளுக்குப் பருப்பை நிறுத்திட்டீங்களாமே அண்ணாச்சி?"

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாம்மா. மனசு கேக்கத்தான் மாட்டேங்குது. நான் என்ன செய்ய? கீழமாசி வீதி மண்டியில எனக்கு வாரக் கணக்கு. கவர்மெண்டு காசு வரல, பொறுத்துக்கங்கன்னு சொன்னா, ஒனக்கும் கவர்மெண்டுக்கும் உள்ளத நீ பாத்துக்க, என் காச வையிங்கிறான். கடனுக்குக் கடன் வாங்கி அடைக்கிறேன். கவர்மெண்டு எம்புட்டுப் பெருசு, நான் எம்புட்டு! என்கிட்டப் போயி இத்தன மாசமா கடன் நிக்கிதும்மா அது."

சீரகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பற்றாக்குறை எங்கே குறைந்தது என்று அந்த நடையில்தான் எனக்குப் பிடிபட்டது. அது குறையவே இல்லை. இடம் மாறியிருந்தது. அரசாங்கம் சந்தையில் கடன் வாங்கினால் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், வட்டி சொல்ல வேண்டும், திருப்பித் தரும் நாள் சொல்ல வேண்டும். அந்தக் கடன் கணக்கில் ஏறும், எல்லோரும் கேள்வி கேட்பார்கள். பழங்காநத்தத்தில் வாங்கிய கடனுக்குப் பத்திரம் இல்லை, வட்டி இல்லை, நாள் இல்லை, கொடுத்தவர் சம்மதமும் இல்லை. அது எந்த அறிக்கையிலும் வராது. அதை மறைக்கத்தான் என் அலுவலகத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை, எரிச்சலாக இருந்தது. அன்று இரவு சாப்பாட்டில் பருப்பு கடைந்திருந்தேன், இறங்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் ஓர் ஆட்சேபணைச் சீட்டை எடுத்தேன். துண்டுக் காகிதம் இல்லை, அச்சடித்த சீட்டு, எண் போட்டது. பேனாவில் எழுதினேன்: "பில் சரியாக உள்ளது. ஒதுக்கீடு உள்ளது. பணம் வழங்க வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லப்பட்டதால் திருப்பப்படுகிறது." கீழே என் கையெழுத்து. அதைப் பில்லோடு சேர்த்து ராஜமாணிக்கம் சார் அறைக்குக் கொண்டுபோனேன். ஆட்சேபணைச் சீட்டில் அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டும்.

சார் வழக்கம்போல எழுந்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். ஓரங்களைப் பிடித்துப் படித்தார். நானும் நின்றேன். வெகுநேரம் திரும்பவில்லை. மூன்று வரியைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது.

"என்னம்மா இது?"

"ஆட்சேபணை சார்."

"பில்லு சரின்னு எழுதி ஒரு ஆட்சேபணையா?"

"வேற ஒண்ணும் கெடைக்கல சார். எல்லாத்தையும் ஒரே தடவையில எழுதணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ திருப்பியாச்சு. மிச்சம் இருக்குறது உண்மைக் காரணம் ஒண்ணுதான்."

"பென்சில்ல எழுதியிருக்கலாமே பத்மா."

"பென்சில்ல எழுதுனா யாரு சொன்னதுன்னு தெரியாது சார்."

"அதுக்குத்தானம்மா பென்சிலு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பைத் தேடினார். பேன்ட் போட்டிருக்கிறோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது போல. கைக்குட்டையால் துடைத்தார்.

"இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? ஒன்னய எங்கயாவது தூக்கிப் போட்டுருவாங்க. நான் ரிட்டயர் ஆகப் போறவன். என் பென்ஷன் காகிதமும் இப்படி ஒருத்தர் மேசைக்குத்தான் போகணும். அவரு பென்சில எடுத்தா நான் எங்கிட்டுப் போறது?"

அது நியாயமான பயம். நான் அதைக் கேலி செய்யவில்லை, இன்றைக்கும் செய்ய மாட்டேன். ஆனால் விடவும் இல்லை.

"சார், வெள்ளிக்கிழம அந்தப் புள்ளைகள வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பரீட்சைக்கு வர மாட்டாங்க. நீங்க இந்தச் சீட்டுல கையெழுத்துப் போடுங்க, நான் அத அந்த அம்மா கையில குடுக்குறேன். அவங்க யார்கிட்ட வேணும்னாலும் காட்டட்டும். இல்லன்னா பில்லுல போடுங்க. ரெண்டும் இல்லாம, ஊறட்டும்னு வைக்கிறது இனிமே என் பிரிவுல கெடையாது. பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு."

என் குரல் உயர்ந்துவிட்டது. அது கோபத்தால் என்று அவர் நினைத்திருக்கலாம். பாதி பயம்தான்.

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை இழுத்து எண்ணைச் சுழற்றினார். மேலே யாரிடம் பேசினார் என்று நான் எழுதப் போவதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, என் சீட்டை அப்படியே, ஒரு சொல் விடாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தார். "இப்படி ஒரு சீட்டு எழுதி என் கையெழுத்துக்கு வந்திருக்குங்க. பில்லுல கொறை இல்ல, அதனால எனக்கு வேற எழுத வழியில்ல. இத இப்படியே அனுப்பவா? இல்ல, நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்துல ஒரு வரி தாரீங்களா?" என்று கேட்டார்.

இணைப்பு இருக்கிறதா என்று அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். "சரிங்க... சரிங்க" என்று சொல்லிக் கீழே வைத்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"மேலே ஒரு அபிப்பிராயமும் இல்லையாம்" என்றார்.

பில்லை எடுத்து மேசைமேல் நேராக வைத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தபடி ஒரு காகிதத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். "சீட்டக் கிழிச்சிரும்மா" என்றார். "எண் போட்ட சீட்டு சார், பதிவேட்டுல ஏறியிருச்சு. ரத்துன்னு எழுதி அங்கயேதான் வைக்கணும்" என்றேன். "நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் எனக்கே திருப்பி வருது" என்று சிரித்தார். அவர் சிரித்தால் காது வரைக்கும் சிவக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை முத்துலட்சுமி டோக்கனைத் திருப்பிக் கொடுத்துக் காசோலையை வாங்கிக்கொண்டு போனார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்த மாசப் பில்லும் இருக்கு மேடம், வாரேன்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேர்ந்தது, நன்றி எதற்கு?

கருவூலத்தில் சுவருக்கும் காது உண்டு. மறுநாள் காலை ஜன்னலில் கூட்டம். பள்ளிக்கூடத்துக்காரர், ஆஸ்பத்திரி அலுவலகத்துக்காரர், கண்மாய் மராமத்து செய்தவர் என்று பலர். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எங்களுக்கும் மையில எழுதிக் குடுங்க." ராஜமாணிக்கம் சார் என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார். அவரே பீரோவைத் திறந்தார். வருஷம் முடிவதற்குள் எங்களால் முடிந்த வரை பாஸ் செய்தோம். எல்லாம் முடியவில்லை. சிலது காலாவதியானது, அதற்கு உரியவர்கள் அடுத்த வருஷமும் அலைந்தார்கள். பிறகு மேலிருந்து ஓர் அறிவுரை வந்தது, ஆட்சேபணைகளில் தேவையற்ற விளக்கங்கள் எழுத வேண்டாம் என்று. அதுவும் தொலைபேசியில்தான் வந்தது.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அது மட்டும் எழுத்தில், முத்திரை தெளிவாக, தேதியோடு. தூரத்தில் ஒரு சார்நிலைக் கருவூலம், பஸ்ஸில் போய் வந்தால் பகல் முழுதும் போய்விடும். என் கணவர் உத்தரவைப் படித்துவிட்டு, "ஜன்னல் சீட்டாப் பிடிச்சுக்க, தூங்கிக்கிட்டே போகலாம்" என்றார். சார் தன் ஓய்வூதியத்தைத் தாமதமில்லாமல் வாங்கினார். அதை நான் விசாரித்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். விடுதிப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். எல்லாரும் தேறவில்லை. மாப்பிள்ளை பேசியிருந்த இருவரில் ஒருத்தி மேலே படித்தாள், இன்னொருத்திக்கு வைகாசியிலேயே கல்யாணம் முடிந்தது. ஆனாலும் அவள் பத்தாவது முடித்துவிட்டுத்தான் போனாள் என்று முத்துலட்சுமி அழுத்திச் சொன்னார்.

அந்த வருஷக் கணக்கு வெளிவந்தபோது பற்றாக்குறையைக் கட்டுக்குள் வைத்ததாகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

பிறகு இரண்டாயிரத்தைத் தாண்டியதும், பற்றாக்குறை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று நாட்டுக்கே சட்டம் வந்தது. மாநிலங்களும் அதேபோலச் சட்டம் செய்தன. பலர் நினைப்பதுபோல் நான் அதற்கு எதிரி இல்லை. வரவு பார்க்காமல் செலவு செய்கிற வீடும் உருப்படாது, நாடும் உருப்படாது. வரம்பு வேண்டும். என் சண்டை வேறு. செலவைக் குறைக்கிறேன் என்றால் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, இந்த விடுதியை மூடுகிறேன், இந்தக் கண்மாயை வெட்ட மாட்டேன் என்று சொல்லிக் குறை. வரியை ஏற்றுகிறேன் என்றால் ஏற்று. கடன் வாங்குகிறேன் என்றால் பத்திரம் எழுதி வாங்கு. மூன்றிலும் உன் கையெழுத்து இருக்கும், நாங்கள் கேள்வி கேட்கலாம். ஒப்புக்கொண்டதைக் கொடுக்காமல் இழுத்தடித்து, எண்ணைச் சின்னதாக்கிக் காட்டுவதற்குக் கொள்கை என்று பெயர் வைக்காதே.

இந்த இழுத்தடிப்பு எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லை. பெரிய அரசாங்கம் சின்ன அரசாங்கத்துக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போடும். சின்ன அரசாங்கம் அலுவலகத்துக்குத் தள்ளிப்போடும். அலுவலகம் காப்பாளருக்கு, காப்பாளர் கடைக்காரருக்கு. கடைக்காரரோடு அது நின்றுவிடும், அவர் தள்ளிப்போட ஆள் இல்லை. ஆகவே வருஷ முடிவில் பற்றாக்குறையோடு சேர்த்து, கொடுக்க வேண்டியும் கொடுக்காமல் வைத்த பில்கள் இவ்வளவு என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். நான் பணியில் இருந்த கடைசி நாள் வரை கூட்டங்களில் இதைக் கேட்டேன். குறிப்பெடுத்துக்கொள்கிறோம் மேடம் என்பார்கள். பேனாவா பென்சிலா என்று எட்டிப் பார்ப்பேன்.

நான் ஓய்வு பெற்றபோது டோக்கன்கள் போய்க் கணினி வந்துவிட்டது. நல்லதுதான், வேகம் கூடியிருக்கிறது. ஆனால் பில் நின்றால் திரையில் நிலுவை என்று மட்டும் வருகிறது, நிறுத்தியவர் பெயர் வருவதில்லை என்கிறார்கள். பென்சிலுக்காவது ஒரு கை தேவைப்பட்டது. இதற்கு அதுவும் வேண்டாம் போலிருக்கிறது. இதைப் பற்றி நிதித் துறைக்கு மனு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதுவேன், எனக்கு வேறு வேலை இல்லை.

ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் பட்ஜெட் நாள் நன்றாக நினைவிருக்கிறது. அண்ணாச்சி கடையில் சாமான் கட்டு வாங்கக் காத்திருந்தேன். மேலே ஒரு சின்ன டிவியில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதற்குள் நான் எங்கே வேலை பார்த்தேன், அந்தப் பில் எப்படி வந்தது என்பதெல்லாம் முத்துலட்சுமி சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. விடுதிக்கு இன்னமும் அவர்தான் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார். பற்றாக்குறை எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். யாரோ கை தட்டினார்கள்.

அண்ணாச்சி பருப்பை நிறுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"அப்ப இந்தத் தடவ கடன் யாரு கடையிலம்மா?"